நீடில் டிடெக்டரும் என் தாலிக்கொடியும்

நீடில் டிடெக்டர் வந்த முதல் நாளே ஓயாமல் கத்தியது. தொண்ணூறுகளின் தொடக்கம். நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் குழந்தைகளுக்கான பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. துணிக்குள் ஒடிந்த ஊசி ஒன்று இருந்தாலும் மொத்த ஆர்டரும் திரும்பிவிடும் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சொன்னதால் வாங்கிய மெஷின் அது. நான் செக்கிங்கில் இருந்தேன். பிற்பாடு அதே மெஷினுக்கு இன்சார்ஜ் ஆகித்தான் ஓய்வு பெற்றேன்.

அது வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே காந்தமும், செப்புக் கம்பி சுற்றிய காயிலும் இருக்கும். பெல்ட்டில் போகும் துணியில் இரும்புத் துண்டு இருந்தால் காந்தப்புலம் கலையும். காயிலில் துளி கரண்ட் பிறக்கும். பஸ்ஸர் அடித்து பெல்ட் நின்றுவிடும். நூலையும் பிளாஸ்டிக் பட்டனையும் அது கண்டுகொள்ளாது.

அன்று பீஸில் ஊசியே இல்லை. ஆனாலும் நாங்கள் குனிந்து பீஸை வைக்கும்போதெல்லாம் பஸ்ஸர் அடித்தது. சாயங்காலம் லோடு போக வேண்டும். கழுத்து, காது, காலில் இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டு வரச் சொல்லி மேனேஜர் சத்தம் போட்டார். தாலியைக் கழற்ற மாட்டோம் என்று நாங்கள் ஒருத்தியும் நகரவில்லை.

சூப்பர்வைசர் மல்லிகா அக்காதான் காரணத்தைப் பிடித்தார். அவசரத்துக்கு உதவட்டும் என்று எல்லாரும் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு மாட்டியிருப்போம். குனிந்தால் கொடி வெளியே வந்து மெஷின் வாயில் தொங்கும்.

“தங்கம் காந்தத்துல ஒட்டாதுங்க சார். ஊக்கக் கழட்டுனாப் போதுங்க,” என்றார். மேனேஜர் நம்பவில்லை. செய்து காட்டச் சொன்னார். மெக்கானிக்கிடமிருந்து பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை அக்கா வாங்கி வந்தார்.

நான்தான் முந்திக்கொண்டு போய் நின்றேன். என் அப்பா செய்து போட்ட கொடி. போன மாதம்தான் வீட்டுக்காரர் பாலிஷுக்குக் கொடுத்து வாங்கி வந்திருந்தார். புதிது போல மின்னியது. ஊக்குகளைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “என்னோடதுல வெச்சுப் பாருங்கக்கா. பத்தரை மாத்து,” என்றேன்.

காந்தம் கிட்டே வந்ததும் கொடி எழும்பி அதில் ஒட்டிக்கொண்டது.

அக்கா மெதுவாகப் பிரித்துவிட்டு, “ஊக்கு ஒண்ணு உள்ள மாட்டியிருக்குதாட்டம் தெரியுது. போயிப் பாத்துட்டு வா கண்ணு,” என்றார். ஊக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும். பாத்ரூமில் நகத்தால் சுரண்டினேன். முலாம் உரிந்து உள்ளே கறுப்பாக இருந்தது. தாலி மட்டும்தான் பழைய தங்கம்.

திரும்பி வந்தபோது மற்றவர்கள் கொடிகளில் காந்தம் ஒட்டாமல் போய்க்கொண்டிருந்தது. என்னைக் கடைசி மேஜைக்கு நூல் வெட்ட அனுப்பினார்கள். கவரிங்கிலும் நல்லதென்றால் உள்ளே செம்பு இருக்கும், அது ஒட்டாது, இது தேர்த் திருவிழாக் கடையில் விற்கிற இரும்பு என்று மெக்கானிக் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கூனிக் குறுகிப் போனேன்.

வீட்டில் அவர் மறைக்கவில்லை. தன் தங்கச்சிக்குப் பிரசவத்தில் ஆபரேஷன் என்றதும் விற்றிருக்கிறார். நான் கண்டுபிடிப்பதற்குள் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் நானும்தான் இருந்தேன். குழந்தையை முதலில் வாங்கியவளே நான்தான். காசு எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. அவர் சொன்ன பிறகும் தங்கச்சியைப் பற்றி என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

“வித்தது கூடப் பரவால்லைங்க. செம்புலயாச்சும் வாங்கியிருக்கலாமில்லீங்க. ஒட்டியிருக்காது,” என்றேன்.

கம்பெனியில் பட்ட வெட்கம் நாளடைவில் ஆறிவிட்டது. இன்சார்ஜ் ஆன பிறகு நான் யார் கழுத்திலும் காந்தத்தை வைத்ததில்லை. புதிதாக வரும் பெண்களின் கையிலேயே கொடுத்து, தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். தொழிலில் கற்ற பாடம் அவ்வளவுதான். வீட்டில் சொன்ன சொல்லுக்குத்தான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் வேறொரு கொடி வாங்கி வந்தார்.

“கடைக்காரன்கிட்டக் காந்தம் கேட்டு வாங்கி வெச்சுப் பாத்துட்டேன். இது ஒட்டாது,” என்றார்.

நான் கழுத்தை நீட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.