கடலைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்தேன்

சுனாமிக்கு மறு வருடம், திருவொற்றியூரில் ஒரு மதியம் அலைச் சத்தமே கேட்கவில்லை. பயந்துபோய் காசிமேட்டுத் தங்கைக்கு, 'கடல் உள்வாங்கிடுச்சா?' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்: "கடலு உள்வாங்கிச்சாம், மெசேஜ் வந்துகீது! ஓடு!"

கைக்குழந்தையோடு நெடுஞ்சாலைக்கு ஓடினேன். அங்கேதான் உறைத்தது. தூங்கிக்கொண்டிருந்த நான்கு வயது மகனை உள்ளே விட்டு, பழக்கத்தில் கதவைப் பூட்டியிருக்கிறேன்!

கூட்டத்தில் முட்டி மோதித் திரும்பினேன். கடல் வழக்கம்போல இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மகன் அழுதான்: "என்னிய வுட்டுட்டு எங்கம்மா போன?"

மாலையில் தங்கை சொன்னாள்: "நீ கேட்டதத்தாங்கா நானும் நாலு பேராண்ட கேட்டேன்." என் கேள்விதான் ஊர் சுற்றிச் செய்தியாகத் திரும்பியிருந்தது.

இப்போது சந்தேகம் வந்தால் மொட்டைமாடி ஏறிக் கடலைப் பார்க்கிறேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து கேட்கிறேன். பூட்டுப் போடுமுன் பிள்ளைகளை எண்ணுகிறேன்.