மேலே போனவர்

வேலணையில் ஒரு கைபேசிக் கடையில் அவரைப் பார்த்தேன். நெடுந்தீவுக்காரர், மெலிந்தவர். திரையைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். இறந்துபோன மனைவியின் வீடியோக்களைப் போட்டு வைக்க ஒரு டப்லெட் வாங்க வந்திருந்தார்.

“சின்ன ஸ்டோரேஜ் காணும், ஐயா. கிளவுடிலை போட்டால் எல்லாம் மேலை போயிடும்,” என்றார் கடைக்காரர்.

“மேலை போன மனிசியைத்தானே தம்பி, கீழை வைச்சிருக்கப் பாக்கிறன். பெரிசையே தாரும்.”

கடைக்காரர் பெரியதை எடுத்து, ஒரு வீடியோவை அதற்கு மாற்றிக் காட்டினார். குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து, “வேறை வேலை இல்லையே உங்களுக்கு? நிப்பாட்டுங்கோ அப்பா,” என்றார்.

“ஓம், ஓம்,” என்று நெடுந்தீவுக்காரர் திரையைப் பார்த்துச் சொன்னார். ஆனால் நிறுத்தவில்லை.