மூன்று விமானங்களை வீழ்த்தியவர்

1998 ஆவணியில், பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், மலையாண்டி எங்கள் சித்தப்பாவின் கடையை விட்டுக் கிளம்பினார். பல மாதங்களாக ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டிருந்த படத்தை மேசைமேலேயே விட்டுவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் தாயி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

சித்தப்பா வெங்கடேஷ்பாபுவுக்குக் கீழவாசல் பக்கம் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ, இறந்தவர் படம், இவைதான் அங்கே வரும். அந்த வருடம் புதிதாக இன்னொன்றும் வந்தது. இங்கிலாந்து வியாபாரி ஒருவர் இரண்டாம் உலகப் போர் விமான ஓவியங்களின் அச்சுப் பிரதிகளைக் கட்டுக் கட்டாக அனுப்புவார். இங்கே தேக்குச் சட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ஓவியத்துக்கும் சில நூறு பிரதிகள்தான், ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். அந்தப் போரில் இருந்த ஒருவர் ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டால் மதிப்பு ஏறும். கையெழுத்துப் போட்டவர் செத்துப்போனால் இன்னும் ஏறும்.

பின்னால் நான் பல தேசங்களில் அலைந்தபோது இந்தப் படங்களை வீடுகளிலும் பார்த்தேன். பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக்கு மேல்தான் மாட்டியிருப்பார்கள். தீப்பிடித்து விழும் விமானத்துக்குக் கீழே உட்கார்ந்து இறைச்சியை வெட்டிக்கொண்டே, அந்த ஆரஞ்சு நிறம் எவ்வளவு அழகு என்று விருந்தாளிக்குக் காட்டுவார்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவன் வெந்துகொண்டிருக்கிறான் என்று எந்த வீட்டிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்குச் சோறு இறங்காது.

மலையாண்டிக்கு ஊர் எழுமலை. வாலிபத்தில் விமானப்படையில் சேர்ந்து பர்மா போர்முனைக்குப் போனவர். விமானத்தில் ஏறியவர் அல்ல. தரையில் நின்று, துப்பாக்கிகளுக்குக் குண்டுச் சரம் கோத்து ஏற்றும் வேலை. போர் முடிந்து ஊருக்கு வந்தார், சோளம் விதைத்தார். படையில் இருந்ததற்கான காகிதங்கள் வீட்டுக் கூரை எரிந்தபோது போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. 'டுமீல்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். காது குத்து, கல்யாணப் பத்திரிகைகளில்கூட 'டுமீல் மலையாண்டி' என்றே அச்சடித்தார்கள்.

மகள் ரோகிணியின் பழைய கல்யாணப் படத்துக்குச் சட்டம் போட வந்தவர், சுவரில் சாய்த்து வைத்திருந்த விமானப் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். சாயங்கால வெயிலில் ஆற்றுக்கு மேல் தாழப் பறக்கும் போர் விமானம். உடம்பு முழுக்கத் தங்கம் பூசியதுபோல் மினுங்கியது.

"இம்புட்டுச் சுத்தமாவா இருக்கும்?" என்றார்.

"ஏன், நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"கழுவியிருக்கேன் தாயி. காலையில போன பையன் மத்தியானம் ப்ளேனைக் கொண்டாந்து எறக்கிட்டான். ஆனா அவன் எறங்கல. தூக்கி வெளிய போட்டுட்டு, உள்ள வாளி வாளியாத் தண்ணி ஊத்திக் கழுவுனேன். ஈ அப்பிக் கெடந்துச்சு. சாயங்காலம் வேற ஒரு பையன் அதே சீட்டுல ஏறி உக்காந்து போனான்."

உள்ளேயிருந்து ஓடி வந்த சித்தப்பாவின் முகத்தில் ஒரே வெளிச்சம். அன்றைக்கே லண்டனுக்கு ஃபேக்ஸ் போனது. பதிலும் உடனே வந்தது. 'எழுபத்தைந்து வயதா? மிகவும் நல்லது. உடல்நிலை எப்படி? தாமதிக்க வேண்டாம்.' மனிதரின் உடல்நிலையை அப்படியும் விசாரிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கடைத் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து மலையாண்டி கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வரைவார். கை நடுங்கினால் நிறுத்திக் காப்பி குடிப்பார். பதிலுக்கு அவர் கேட்டது ஒரு படம், அவ்வளவுதான்.

"எம் பேரன் காதுகுத்துக்கு நான்தான் தாய்மாமன் சீர் கொண்டுபோகணும். ரோகிணிக்குக் கூடப் பொறந்தவன் கெடையாதுல்ல. சீர்வரிசையில இந்தப் படத்தை வச்சுக் கொண்டுபோவேன். வெள்ளைத்துரை மைக்குல வாசிப்பான்ல? நான் பட்டாளத்துல இருந்தது நெசம்னு அவன் வாயால வாசிக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் சீர் கொண்டு வந்தால் கொட்டு முழங்க ஊர்வலமாக வருவார்கள். தட்டுத் தட்டாக இன்னார் கொண்டுவந்தது இன்னது என்று மைக்கில் சொல்வார்கள். வெள்ளைத்துரை மலையாண்டிக்குப் பங்காளி மகன், எழுமலையில் மைக் செட் வைத்திருந்தவன். டுமீல் என்று முதலில் கூப்பிட்டவனும் அவனே.

சதுர்த்திக்கு மறுநாள் படத்தை வாங்கிப்போக வந்தார். படத்துக்குக் கீழே புதிதாக ஒரு அட்டை ஒட்டியிருந்தது.

"என்ன தாயி எழுதியிருக்கு?"

வாசித்துச் சொன்னேன். ஃப்ளைட் லெப்டினன்ட் மலையாண்டி, பர்மா வானில் மூன்று எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய விமானி.

அவர் சித்தப்பாவைப் பார்த்தார். "யாரு தம்பி இது?"

"நீங்கதான் அய்யா."

"நான் குண்டு ரொப்புனவன்."

"ரொப்புனவர் கையெழுத்து யாருக்கு வேணும்? சுட்டவர் கையெழுத்தத்தான் தேடி அலையுறாங்க. எங்கயோ வெள்ளைக்காரன் வீட்டுல தொங்கப் போகுது. நம்ம ஊருல யாரு பார்க்கப் போறா?"

"எங்க ஊருல பார்ப்பாங்க தம்பி. அதுக்குத்தான் கேட்டேன். மாத்தி எழுதிக் குடு."

"எல்லாத்துலயும் ஒட்டியாச்சு அய்யா. பாதி ஏத்துமதியும் ஆகிப்போச்சு."

அப்போதுதான் துண்டை உதறினார்.

காதுகுத்து அடுத்த வாரம். அவருடைய கோபம் பொய்க்கோபம் என்று சித்தப்பா முடிவு செய்திருந்தார். வாடகைக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு, சட்டம் போட்ட படத்தோடு எழுமலைக்குப் புறப்பட்டார். ஊருக்கும் புரியட்டும் என்று அட்டையைத் தமிழிலும் அச்சடித்து ஒட்டியிருந்தார். அதைப் பெரிய உபகாரமாக நினைத்தார்.

சீர் ஊர் நடுவிலிருந்த மந்தைத் திடலுக்கு வந்துகொண்டிருந்தது. முன்னால் ஆட்டுக்கிடாய். பின்னால் பழத்தட்டுகள், சில்வர் அண்டா, பையனுக்குப் பட்டுச்சட்டை. மலையாண்டி வெற்றிலைத் தட்டோடு நடந்தார். மைக்கில் வெள்ளைத்துரை வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க பெரியப்பா டுமீல் மலையாண்டி சீரு வருதப்போய்! ஆட்டுக்கிடாய் ஒண்ணு, அண்டா ஒண்ணு! பெரியப்பா, ப்ளேனை எங்க நிப்பாட்டியிருக்கீக? கம்மாய்க்குள்ளயா?"

கூட்டம் சிரித்தது. சித்தப்பா நேராகப் போய்ப் படத்தை அவன் கையில் கொடுத்தார்.

அவன் கேலியாகத்தான் வாசிக்க ஆரம்பித்தான். பாதியில் குரல் மாறியது. மூன்று விமானங்கள் என்கிற இடம் வந்தபோது மந்தையில் சத்தமே இல்லை. கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். ரோகிணி பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். ஐம்பது வருடமாக அவர் காத்திருந்தது அந்த அமைதிக்குத்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

மலையாண்டி தட்டைக் கீழே வைத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

"இதுல எழுதியிருக்கது பொய்யி. நான் ப்ளேன் ஓட்டல. ஒருத்தரையும் சுடல."

கூட்டத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. வெள்ளைத்துரைக்கு ஓடியது. மைக்கைப் பிடுங்கினான்.

"கேட்டுக்கங்கப்பா! எம்புட்டு வருசம் கழிச்சு எங்க பெரியப்பா அவரு வாயாலயே ஒத்துக்கிட்டாரு!"

மந்தை குலுங்கியது. கிழவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். "குண்டு ரொப்புனேன்டா, அது நெசம்டா" என்று அவர் கத்தியது பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

கறிச்சோறு பரிமாறினார்கள். அவரைப் பார்த்துச் சிரித்த வாய்களெல்லாம் அவர் கொண்டுவந்த கிடாயின் எலும்பை உறிஞ்சின. நான் இலையில் உட்காரவில்லை. திரும்பி வரும்போது சித்தப்பா படத்தை மடியில் வைத்துக்கொண்டு துடைத்தார். "நல்லவேளை, கண்ணாடி ஒடையல" என்றார். அந்தப் பிரதியும் கப்பலேறியது.

மலையாண்டி அதற்குப் பிறகு விமானம் என்ற வார்த்தையையே சொல்வதில்லை என்று ரோகிணி வெளிநாட்டிலிருந்த எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். வானத்தில் சத்தம் கேட்டால் பேரன் வெளியே ஓடுவானாம், இவர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாராம். 2002 மாசியில் இறந்துபோனார். சித்தப்பா லண்டனுக்குத் தகவல் சொன்னதும், அங்கிருந்து நன்றி தெரிவித்து ஒரு வாழ்த்து அட்டை வந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆமாம், வாழ்த்து அட்டைதான். அதில் விமானம் போட்டிருந்தது.

நான் ஊர் திரும்பியது 2008இல். ரோகிணியிடம் என் நம்பரைக் கொடுத்திருந்தேன். அவளிடமிருந்து எப்படியோ வாங்கி வெள்ளைத்துரை ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினான். இப்போது அவன் ஊரில் பெரிய மனிதன். ஆங்கில எழுத்தில் தமிழாக இருந்தது. எழுத்தை மட்டும் மாற்றித் தருகிறேன்.

"மேடம் வணக்கம். எழுமலை வெள்ளைத்துரை. எங்க பெரியப்பா படம் இன்டர்நெட்டுல வந்திருக்கு. மூணு ப்ளேனைச் சுட்டவர்னு வெள்ளைக்காரனே போட்டிருக்கான். ஊருக்கே பெருமை. மந்தையில சிலை வைக்கிறோம். பைலட் டிரஸ், தொப்பி என்ன கலர்னு உங்க சித்தப்பாகிட்ட கேட்டுச் சொல்லவும். ரோகிணிதான் எங்க அப்பா பைலட் இல்லன்னு சொல்லி சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேங்குது. வெவரம் தெரியாத புள்ள. நீங்க ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லவும்."