காமினி வரைந்த குளம்

ஜார்ஜ்டவுனில் தோட்டங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் சிறிய அலுவலகம் ஒன்றில் பேட்ரிக் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவில், காப்புக்காட்டை ஒட்டிய நோர்மாவின் டுரியான் பழத்தோட்டத்தைக் காட்டு உயிர்களுக்கும் இடம் தரும்படி மாற்றியமைக்கும் வேலை வந்தபோது, அது தனக்குத்தான் என்று நினைத்தார். முதலாளியோ அவரையும், சேர்ந்து இரண்டே வருடமான காமினியையும் ஆளுக்கொரு வரைபடம் போடச் சொன்னார்.

பேட்ரிக் எல்லையோரம் ஒரு மரவரிசை வைத்தார். காமினி ஓடைக்கரை நெடுகக் காட்டு மரங்களை வரைந்து, தோட்டத்தின் நடுவே குரங்குகள் தாவிப்போக வழி வைத்திருந்தாள். பள்ளத்தில் தவளைகளுக்கு ஒரு குளம். நோர்மா அவளுடைய தாளைத்தான் கையில் எடுத்தார்.

பேட்ரிக்கும் கைதட்டினார். உள்ளே எரிந்தது. ஓடைக்கரை தனக்குத் தோன்றவில்லையே என்பதைவிட, அவளுக்குத் தோன்றிவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை.

குளத்துக்கான இடம் அவருக்குத் தெரியும். பழைய உரிமையாளர் அங்கே கிணறு தோண்டியபோது பார்த்திருக்கிறார். இரண்டடிக்குக் கீழே வெறும் மணல், தண்ணீர் நிற்காது. அவர் வாய் திறக்கவில்லை.

குளம் வெட்டினார்கள். மழையில் நிறைந்தது, தவளைகள் முட்டையிட்டன. மழை விட்ட ஒன்பதாம் நாள் தண்ணீர் முழுக்க இறங்கிவிட்டது. அடியில் தலைப்பிரட்டைகள் காய்ந்து ஒட்டிக் கிடந்தன.

"ஒரே ஒரு குழிதான் தோண்டி டெஸ்ட் பண்ணேன் அண்ணே, அதுவும் மேட்டுப் பக்கம். என் தப்புதான்னு பாஸ்கிட்ட சொல்லிடுறேன்" என்றாள் காமினி.

அவள் தோற்பதைப் பார்க்கத்தான் அன்று அவர் வந்திருந்தார். பார்த்தபின் மறைக்க முடியவில்லை.

"கீழ மணலுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உன்மேல பொறாமை."

"இத பாஸ்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சொன்னார். முதலாளி அவரை விலக்கவில்லை. காமினி சொல்கிறபடி வேலை செய்யச் சொன்னார். அதற்குப் பதில் வேலையைவிட்டே விலக்கியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு. களிமண் எங்கே கிடைக்கும் என்று பேட்ரிக்தான் காட்டினார். குளத்தடியில் அதைக் கொட்டி மிதித்து இறுக்கினார்கள். தண்ணீர் நின்றது.

நான்காம் வருடம் காட்டிலிருந்து ஒரு குரங்குக் கூட்டம் ஓடைக்கரை மரங்கள் வழியாகத் தோட்டத்தைக் கடந்தது. பத்திரிகையில் படம் வந்தது, காமினியின் பெயரோடு. பேட்ரிக் செய்தியை இரண்டு தடவை படித்தார். தன் பெயர் இல்லை. நெஞ்சில் அதே எரிச்சல்.

"நல்லா வந்திருக்கும்மா" என்று அவளுக்கு அனுப்பினார். அந்த இரண்டு சொல்லை அனுப்புவதற்குள் எதிரில் இருந்த கோப்பி ஆறிப்போயிருந்தது.