துஷ்யந்தனின் ஏழு ‘ஓம்’

துஷ்யந்தன் ஏழு தடவை ‘ஓம்’ சொன்னார்; பரீட்சையில் தோற்றார்.

அவர் ரயில் சாரதி. பாரிஸிலிருந்து பெல்ஜிய எல்லை வரை வண்டி விடும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. நிறுவனம் கென்ட் நகரம் வரை ஓட்டத்தை நீட்டப் போகிறது. பிரான்சுக்கென்று நிறுவனம் வாங்கிய பாதுகாப்புச் சான்றிதழ் எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதால், பெல்ஜியத்தையும் அதில் சேர்த்து எழுதி வாங்கியாயிற்று. எல்லையை ஒட்டிய நிலையம் வரை சாரதிகளுக்கு மொழிச் சலுகை உண்டு. அதைத் தாண்டி ஓட்ட, அங்குள்ள கட்டுப்பாட்டு அறையின் மொழியான டச்சு தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் எல்லை நிலையத்தில் வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான்.

இறங்க அவருக்கு மனமில்லை. கிளிநொச்சியிலிருந்து வந்து, உணவகத்தில் கோப்பை கழுவியபடி பிரெஞ்சு படித்து, முப்பத்தைந்து வயதில் சாரதியானவர். டச்சும் இரண்டு வருடம் படித்தார். பாடம் ஏறியது, வாய்தான் அடங்கவில்லை. வண்டி ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை சொல்லும் செய்தி முடியும்வரை பேசாமல் கேட்டு, பிறகு முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் தொலைபேசியில் நாலு சொல்லுக்கு ஒருதரம் ஆமாம் என்று ஒரு ‘ஓம்’ போடாமல் கேட்பார்களா?

மறுபரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. மனைவி கஜானி கட்டுப்பாட்டு அறையானாள். பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவள் வேலை செய்யும் தமிழ்க் கடையில், முருங்கைக்காய் நிறுத்தபடியே அவர் எழுதிக் கொடுத்த டச்சுச் செய்திகளைப் போனில் வாசித்தாள். புறநகர் செவ்ரானிலிருந்த வீட்டிலிருந்து ‘ஓம்’ வந்தது.

“என்னப்பா, நான் முடிக்க முந்தியே ஓம் போடுறியள்?”

“தானா வருதப்பா. சும்மா இருந்தால் லைன் அறுந்திட்டுதெண்டு நீர் போனை வைக்க மாட்டீரோ?”

காய் வாங்க வந்த கமலராணி, “பிள்ளை, ஆரோடை சண்டை?” என்றார்.

“இவரோடைதான் அக்கா. தமிழிலை பிடிச்சு அலுத்துப் போச்சு, இப்ப டச்சிலை.”

பரீட்சை நாள். ரேடியோவில் பரீட்சகரின் குரல். முதல் வசனத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். இரண்டாவதிலும் தப்பினார். மூன்றாவதின் நடுவில் நழுவியது:

“ஓம்.”

மறுமுனை நின்றது. போன தடவை துஷ்யந்தன் விளங்கியதுபோலவே பாவனை செய்து தொடர்ந்திருந்தார். இம்முறை பொத்தானை அழுத்தி, டச்சில் சொன்னார்: “இடையில் பேசிவிட்டேன். முதலிலிருந்து மறுபடியும் சொல்லுங்கள். மெதுவாக.”

செய்தி மறுபடியும் வந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னார்.

வெளியே வந்த பரீட்சகர் தேர்ச்சித் தாளில் கையெழுத்திட்டபடி, “மறுபடியும் கேட்கலாம் என்பதும் விதியில் இருக்கிறது. போன தடவை நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை” என்றார்.

ஒக்டோபரில் ஒரு காலை, எல்லை நிலையத்தில் வண்டி மூன்று நிமிடம் நின்றது. சாரதிக் கதவின் கீழே மாற்று ஆள் எவரும் காத்திருக்கவில்லை. பச்சை விழுந்தது. துஷ்யந்தன் தேநீர்க் குடுவையை இறுக மூடி வைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.