கடைசி கக்கூஸின் கதவு

எங்கள் சுரங்கக் குடியிருப்பு லைனின் ஆண்கள் பொதுக் கக்கூஸுக்குள் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வெட்கமெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது. வாசலில் நின்று, "யாராச்சும் உள்ளே கீறீங்களா? நான் வர்றேன்" என்று கத்துவேன். உள்ளே வாளி உருளும். லுங்கியை இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பிறகு என் வீட்டுக்காரரைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப்போவேன்.

அவர் டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. அறுபதுகளின் நடுவில் ஒரு நாள், முட்டு நிற்பதற்கு முன்பே பாறை இறங்கிவிட்டது. ஒரு கால் தொடையோடு போயிற்று. இன்னொரு கால் இருந்தது, ஆனால் மடங்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கூட வேலை செய்த நாலு பேர், ஒரு மர நாற்காலிக்கு சைக்கிள் சக்கரம் பூட்டிக் கொடுத்தார்கள். அது தெருவில் போனது, பஜாருக்குப் போனது. கக்கூஸுக்குள் மட்டும் போகவில்லை. இரண்டு படி, அப்புறம் ஒரு மறைப்புச் சுவர், அப்புறம் ஒல்லியான ஆள் நுழைகிற கதவு.

எங்களுக்கு ஒற்றை அறை வீடு. நடுவில் மூங்கில் தட்டி, அந்தப் பக்கம் வயசுக்கு வந்த மகள். வீட்டிலேயே சட்டி வைத்துக்கொள்ளலாம் என்றேன். "பொண்ணு காதுல விழவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொண்டாட்டி தூக்கிப்போவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பாட்டைக் குறைத்தார், தண்ணீரை நிறுத்தினார். நாள் முழுக்க ஒரு டம்ளர். ஒரு மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். கிட்னியில் கல் என்றார் டாக்டர். "இப்படியே தண்ணி குடிக்காம இருந்தா ஆளு தங்க மாட்டார்மா" என்று என்னைத்தான் திட்டினார். எல்லோருக்கும் திட்டுவதற்கு நான்தான் கிடைப்பேன்.

சானிட்டரி இன்ஸ்பெக்டரிடம் நடையாய் நடந்தேன். "எல்லா லைன்லயும் இதே அளவுதாம்மா. ஒருத்தருக்காக இடிக்க முடியுமா?" என்றார்.

"அப்போ ரெண்டு காலு இருக்கறவங்களுக்குத்தான் வயிறு கீதா சார்?" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பினாலோ, என் தொல்லை தாங்காமலோ, கடைசியில் செங்கல்லும் சிமெண்டும் தருவதாகச் சொன்னார். வேலையை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நாலு பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் வண்டியில் உட்கார்ந்து அளவு சொன்னார். விபத்துக்குப் பிறகு அவர் குரல் அத்தனை உரக்க வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சுரங்கத்தில் ட்ராலி போகிற பாதைக்கு என்ன அளவோ அதையே சொன்னார். வண்டிக்கு இரண்டு பக்கமும் மடக்கிய கை நுழைந்தால் போதும்.

"அது தண்டவாளத்துல நேரா போறது. இது உள்ளே போய் திரும்ப வேணாமா?" என்று கேட்டேன். தினமும் தள்ளுகிறவள் நான்தானே.

"ட்ராலி இன்னா திரும்பியா வருது? போன வழியே வரும். இருபது வருசமா என் அளவு தப்புனது இல்ல. நீ போய் டீ போடு" என்றார். ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் போய் டீ போட்டேன். அதற்கு இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்.

படியை இடித்துச் சரிவு வைத்தார்கள். மறைப்புச் சுவரைத் தள்ளிக் கட்டினார்கள். கடைசி அறையின் கதவை அகலமாக்கி, உள்ளே ஓட்டை போட்ட ஸ்டூல் ஒன்றும் வைத்தார்கள். காரை காய்ந்ததும், "நீ வாசல்லயே நில்லு" என்று சொல்லிவிட்டு அவர் தனியாகப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். வண்டி அவர் சொன்ன அளவுக்கே, அச்சாக உள்ளே போயிருந்தது. அதோடு சரி. முன்னால் ஸ்டூல், இரண்டு பக்கமும் சுவர். இறங்க இடமில்லை, திரும்ப இடமில்லை. உள்பக்கம் திறக்கிற கதவு சக்கரத்தில் இடித்துக்கொண்டு மூடவே இல்லை. சக்கரத்தைத் தள்ளிய விரல்கள் சுவரில் தேய்ந்து ரத்தம் வந்தது. வாளியோடு நின்ற மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கமாக இழுத்து வெளியே கொண்டுவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "அளவு தப்பு. நீ சொன்னதுதான் சரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத வார்த்தை. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி அழுதேன்.

பக்கத்து அறையின் சுவரையும் இடித்தால்தான் வண்டி திரும்பும். எட்டு அறை ஏழாகும் என்றதும் லைனில் கூச்சல். ஷிப்ட்டுக்குப் போகிற நேரத்தில் வரிசை நிற்கிறதே, யார் விடுவார்கள்? ஒரு வாரம் குழாயடியில் தொண்டை வற்றக் கத்தினேன். கடைசியில் அந்த நாலு பேரில் ஒருவர், யாரையும் கேட்காமல் சம்மட்டியை எடுத்து இடித்தார். கதவு இந்தத் தடவை வெளிப்பக்கம் திறந்தது. பிடித்துக்கொள்ளப் பழைய இரும்புக் குழாய் ஒன்றைச் சுவரில் பதித்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே போய், திரும்பி, தாழ்ப்பாள் போட்டார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் வாசல் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு காலையில் போனால் அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. விசாலமாக இருக்கிறதென்று எவனோ பீடி பிடிக்கப் போய்விட்டான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. கதவை உதைக்காத குறையாகத் தட்டினேன். "மத்த ஆறும் உனுக்குப் பத்தலையா? வெளியே வாய்யா!"

மெதுவாகத் திறந்தது. கடைசி வீட்டுப் பெரியவர். பாறைத் தூசு நெஞ்சில் இறங்கி, வேலையை விட்டு நின்றவர். இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"கோச்சிக்காதம்மா. மத்ததுல குந்துனா எழுந்திருக்க முடியல. ரெண்டு தபா அங்கியே கிடந்தேன். யார்கிட்டப் போய் இத்தச் சொல்றது?"

நான் கதவை விட்டு விலகினேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "நீங்க முடிச்சிட்டு வாங்கண்ணே, நான் கீறேன்" என்றார்.

அடுத்த மாதத்துக்குள் அந்தக் கதவுக்கு முன்னால் தினமும் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். இடுப்பு ஒடிந்தவர், முழங்கால் வீங்கியவர், மூச்சு முட்டுகிறவர். இத்தனை நாள் இவர்களெல்லாம் என்ன செய்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அத்தனை நடை நடந்து நான் ஒரே ஒரு கதவைத்தான் கேட்டு வாங்கியிருந்தேன்.