கப்பியில் சிக்கிய மாப்பிள்ளை

என் மாமியார் இரும்பு வெட்டுகிறவர். நான் துணி வெட்டுகிறவன். நடுவில் மாட்டிக்கொண்டு வெட்டுப்படுகிறவள் என் மனைவி என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

மாமியார் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் போட்ட முற்றம். லாரி அச்சு, இயந்திரத்தின் பல்சக்கரம், நாலு பேர் சேர்ந்தாலும் அசையாத தகடு என்று எல்லாப் பழைய இரும்பும் அங்கேதான் வந்து இறங்கும். உலைக்குள் நுழைகிற அளவுக்குத் துண்டு போட்டுக் கொடுத்தால்தான் உருக்காலையில் எடுப்பார்கள். மாமனார் போன பிறகு அந்த வேலையை மாமியார் தனியாகவே செய்கிறார். வந்த இரும்பில் உடனே கை வைக்கமாட்டார். முதலில் சுத்தியலால் ஒரு தட்டு. சத்தம் மொத்தையாக வந்தால் வார்ப்பிரும்பு. அதை அறுத்து உயிரை விட வேண்டாம், சம்மட்டியால் நாலு போடு போட்டால் உடைந்துவிடும். கணீரென்றால் எஃகு, அதற்குத்தான் தீயால் வெட்டுகிற கேஸ், கிரைண்டர், கையால் அறுக்கிற ஆக்ஸா பிளேடு எல்லாம். வாய் மூடிய உருளை என்றால் தொடவே மாட்டார், உள்ளே என்ன அடைந்து கிடக்கிறதோ என்று திருப்பி அனுப்பிவிடுவார். நீளமானதை அறுக்கும்போது வெட்டு வாய் விரிகிற மாதிரி அடிக்கட்டையை நகர்த்தி வைப்பார். வெட்டு வாயை மூடிக்கொண்டால் பிளேடைக் கவ்விவிடுமாம். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமியார் என்னோடு நேராகப் பேசியதே கிடையாது.

எனக்கு அதுதான் மனத்தாங்கல். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் நான் போனால் கதவோரம்தான் நிற்பார். முற்றத்தில் இருந்தால் கையுறை, வீட்டுக்குள் வந்தால் வலது கை முந்தானைக்குள். "அவர உக்காரச் சொல்லு", "அவருக்குக் காபி குடு" என்று எல்லாமே மகள் வழியாகத்தான். ஒரு வேளைகூடத் தன் கையால் எனக்குப் பரிமாறியதில்லை. தையற்கடைக்காரன் என்றால் அவ்வளவு இளப்பமா என்று மனைவியிடம் எகிறுவேன். அவள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது, முற்றத்தில் கிரேனிலிருந்து கழற்றிய பெரிய கப்பி கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு தடித்த தகடு, அந்தப் பக்கம் ஒன்று, நடுவே சக்கரம். மூன்றையும் கோத்துக்கொண்டு மூன்று விரல் கனத்தில் ஓர் அச்சு. அதன் தலை தகட்டுக்கு வெளியே புடைத்துக்கொண்டு நின்றது. சும்மா இருக்கிற கை இல்லை என்னுடையது. சுற்றுகிறதா பார்ப்போமே என்று ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உள்ளே விட்டுச் சக்கரத்தைத் தள்ளினேன். நன்றாகவே சுற்றியது. ஓர் அங்குலம் சுற்றி, என் விரல்களைத் தகட்டோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. திருப்பித் தள்ளினால் துரு விடவில்லை.

நான் போட்ட கூச்சலில் மாமியாரும் மனைவியும் ஓடி வந்தார்கள்.

"கேஸ் வச்சு வெட்டுங்க அத்தை! சீக்கிரம்!"

"கேஸ் வேணாம்."

"கிரைண்டராவது போடுங்க!"

"வாய மூடுங்க மாப்பிள்ளை. கைய இழுக்காதீங்க."

நாலு வருஷத்தில் எனக்கென்று அவர் நேராகச் சொன்ன முதல் பேச்சு இதுதான். திட்டிலும் மரியாதை குறையவில்லை.

மகளைச் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கப்பி ஆடாதபடி கட்டைகளை முட்டுக்கொடுத்தார். சட்டத்தில் புது பிளேடு மாட்டி, அச்சின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்து அறுக்கத் தொடங்கினார். தலை போனால் தகடு விலகும். மனைவி அழுதுகொண்டே பிளேடு சூடேறாதபடி தண்ணீர் ஊற்றினாள். பிளேடு போவதும் வருவதும் தவிர வேறு எதுவும் நடக்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

"இப்படி அறுத்தா எப்ப முடியும் அத்தை? என் பொழப்பே இந்த ரெண்டு வெரல்லதான் இருக்கு!"

"அதுக்குத்தான் மெதுவா அறுக்கறேன்."

அடிக்கடி நிறுத்தினார். வலது கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, என் விரல்களுக்குப் பக்கத்தில் இரும்பைத் தொட்டுச் சூடு பார்த்தார். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

நான் பார்த்துவிட்டதை அவரும் கவனித்தார். கையை மறைக்கவில்லை.

"நானும் இப்படித்தான் மாட்டிக்கிட்டேன், ஒரு தகட்டுக்கு அடியில. கேஸ வைங்க, கேஸ வைங்கன்னு கத்துனதும் நான்தான். உங்க மாமா பாவம், பதறிப்போய் நான் சொன்னதச் செஞ்சாரு. இரும்புல சூடு எங்க வச்சாலும் ஓடி வந்துரும். நசுங்கினது ஆறியிருக்கும் மாப்பிள்ளை. வெந்ததுதான் போயிருச்சு."

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வலிக்காமல் இல்லை. ஆனால் அந்தப் பாதி விரல்கள் சட்டத்தை விடாமல் அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புடவை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. ஒருமுறைகூட அவர் வேகத்தைக் கூட்டவில்லை. கடைசியில் அச்சின் தலை ணங்கென்று சிமென்டில் விழுந்தது. கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். தகடு விலகியது. என் விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில், ஒன்றில் நகம் தொங்க, வெளியே வந்தன. இரண்டும் முழுசாக வந்தன.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் விரல்களை மடக்கிக் காட்டச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன், இரண்டும் மடங்கின. ஒரு மாதம் கழித்து வழக்கம்போல வேலை செய்யலாம் என்றார். வெளியே வந்து, கட்டுப் போட்ட கையோடு தெருவில் நின்று அழுதேன்.

"அம்மா கை விஷயத்த என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அம்மாதான் வேணாம்னாங்க. மாப்பிள்ளை தையக்காரரு, யாரப் பாத்தாலும் கையத்தான் மொதல்ல பாப்பாருன்னு. அந்தக் கையால சோறு போட்டா உங்களுக்கு எறங்காதுன்னு பயம்."

வீடு திரும்பியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மாமியார் கதவோரம் போகவில்லை. தட்டை வைத்து, எதிரே உட்கார்ந்து, வலது கையால் கரண்டியைப் பிடித்துத் தானே சோறு போட்டார். பிடி கொஞ்சம் வழுக்கி நாலு பருக்கை தரையில் சிந்தியது. நான் இடது கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருந்தேன்.

"அத்தை, நீங்க இல்லன்னா எனக்கு..."

"சாப்பிடுங்க மாப்பிள்ளை, ஆறிடும்."

நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். போட்டார். வயிறு முட்டிவிட்டது. மறுபடியும் தட்டை நீட்டினேன்.